குட்டிக்கு கோவமெல்லாம் இல்லீங்க

"நாம விட்டுட்டு போனோம்ல, அந்தக் கோவத்துல வேணும்னே ஹால்ல போய் வச்சிருக்கு" - நாய்க்குட்டி இருக்கிற வீட்ல இந்த டயலாக் எப்படியும் வந்துடும், எங்கம்மாவும் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்கு புதுசா வந்திருக்கிறது நாட்டுக்குட்டி, பேரு மிளகு, ரெண்டு மாசம்தான் ஆகுது. அந்த வயசுல ஒன்னுக்கு, ரெண்டுக்கு வந்தா அதுக்கு சரியா அடக்கவே தெரியாது, இதுல எங்க பழிவாங்குறது!

வயசு எத்தன மாசமோ அதோட ஒன்னு கூட்டிக்கோங்க, அதிகபட்சம் அத்தன மணி நேரம் தாங்கும்னு ஒரு கணக்கு இருக்கு. ஆனா அது சும்மா படுத்து கெடந்தாதான், ஆட்டம் போட்டா அரை மணி நேரமே பெருசு. அதனால தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு கொஞ்ச நேரத்துல, வெளையாடிட்டு இருக்கும்போதே திடீர்னு தரைய மோந்துட்டு சுத்த ஆரம்பிச்சா, யோசிக்காம தூக்கிட்டு ஓடணும்.

எங்க ஓடுறது? தடுப்பூசி முழுசா முடியல, பார்வோ (குட்டிங்க உயிரையே எடுக்கற வைரஸ் நோய்) பயத்துல ரோட்ல எறக்கி விட முடியாது. அதான் மொட்டை மாடில ஒரு ட்ரேல மண்ணு போட்டு வச்சிருக்கோம் (மத்தியானம் தரை கொதிக்கும், ட்ரேய நிழல்ல வைங்க). அது போய் முடிச்ச அந்த நொடியே ஒரு துண்டு வேகவச்ச சிக்கன், கீழ வந்து குடுத்தா எதுக்கு கெடச்சதுன்னே அதுக்கு புரியாது. வீட்டுக்குள்ள போயிட்டா மூக்க புடிச்சு தேய்க்கிற வேலையெல்லாம் வேணாம், அப்புறம் நம்ம கண்ணுல படாம பீரோ பின்னாடி போய் போகும், அவ்ளோதான். பினாயில் போட்டா நமக்குதான் நாத்தம் போகும், அது மூக்குக்கு போகாது, திரும்ப அதே எடத்துக்கு வரும். பெட் ஷாப்ல, அந்த நாத்தத்தையே சிதைக்கிற என்சைம் கிளீனர்னு கேளுங்க.

இப்ப தனியா விடுற மேட்டர். பழைய போன்ல வீடியோ ஆன் பண்ணி வச்சிட்டு வெளிய போய் பாருங்க. ரொம்ப நேரம் தூங்கிட்டு எழுந்து போகுதுன்னா வெறும் அடக்க முடியாத பிரச்சன, நடுவுல யாராவது வந்து மாடிக்கு கூட்டிட்டு போனா போதும். கதவ சாத்துன உடனேயே கத்தி, கதவ சொறண்டி, அங்கயே போயிடுதுன்னா அது பயம். மிளகு ரெண்டாவது கேஸ்.

பயத்துக்கு பொறுமையா பழக்கணும். சாவி எடுத்தாலே அழ ஆரம்பிச்சுடும், அதனால சும்மா சும்மா சாவிய எடுத்துட்டு திரும்ப உக்காந்துப்பேன், ஹெல்மெட்ட மாட்டிட்டு டிவி பாப்பேன் (வீட்ல எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்க). அப்புறம் கதவ சாத்திட்டு அது அழறதுக்குள்ள உள்ள வந்துடறது, பத்து செகண்ட், முப்பது செகண்ட், ஒரு நிமிஷம், நடுநடுவுல மறுபடியும் பத்து செகண்டு, இல்லன்னா ஒவ்வொரு தடவையும் நேரம் கூடிட்டே போகுதுன்னு கண்டுபுடிச்சிடும். போகும்போது கொஞ்சல் வேணாம், வந்ததும் கொண்டாட்டமும் வேணாம். ஓட்டை இருக்கிற ரப்பர் பொம்மைல தயிர் சாதம் அடைச்சு ஃப்ரீஸர்ல வச்சு குடுத்தா நல்லா நேரம் ஓடும், தாளிக்காத சாதம், வெங்காயம் கூடவே கூடாது.

இப்ப நான் கடைக்கு போயிட்டு வர்ற வரைக்கும் தாங்குது. ஆபீஸ் நாள்ல நாங்க கெளம்பற முன்னாடியே கீழ் வீட்டு அக்கா வந்துடுவாங்க, சாயங்காலம் வரைக்கும் அவங்க பொறுப்பு. பிஸ்கட் போடாதீங்கன்னு எத்தனையோ வாட்டி சொல்லியாச்சு, "கொழந்த கேக்குது, நான் என்ன பண்றது"ங்கிறாங்க.