கை சூடாகும் அந்தச் சில மணி நேரம்

வலி கிளினிக்கில் பிசியோதெரபிஸ்டாக இருப்பவர்களை நோயாளிகள் முதலில் கேட்பது, "ஏனுங்க மேடம், எத்தனை ஊசியில சரியாகுமுங்க?" என்பதுதான். டாக்டரிடம் கேட்கத் தயங்கி, வெளியே வந்ததும் எங்களைப் பிடித்துக்கொள்வார்கள். கோயம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் இடத்துக்குத் திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கமிருந்து வருகிறவர்கள் நிறைய. முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்திருக்கும். மாவுக்கட்டோ புத்தூர் கட்டோ போட்டு, எலும்பும் சேர்ந்திருக்கும். கட்டைப் பிரித்த பிறகுதான் தொல்லையே ஆரம்பித்திருக்கும்.

கை வீங்கிப் பளபளவென்று இருக்கும். காலையில் சிவப்பு, மாலையில் நீலம். அந்த உள்ளங்கை மட்டும் வேர்த்து ஒழுகும். ஃபேன் காற்று பட்டால் எரியும், சேலைத் தலைப்பு உரசினால் உயிர் போகும். இதைத்தான் சி.ஆர்.பி.எஸ். (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சின்ட்ரோம்) என்கிறோம். இந்தப் பெயர் 1994-ல் வந்தது, நோய் பழையது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடி பட்ட சிப்பாய்களிடம் சைலஸ் வெய்ர் மிட்செல் என்ற மருத்துவர் இதே எரிச்சலைப் பார்த்து 1864-ல் எழுதியிருக்கிறார். எரிச்சல் தாங்காமல் அவர்கள் கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தார்களாம். எங்கள் வராந்தாவில் ஈரத் துண்டோடு யாராவது உட்கார்ந்திருந்தால், சீட்டைப் பார்க்காமலேயே அவர்களை முதலில் உள்ளே கூப்பிடச் சொல்லிவிடுவேன்.

இதை உறுதிப்படுத்த ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. 2003-ல் புடாபெஸ்டில் நிபுணர்கள் கூடிப் பேசி உருவாக்கிய அளவுகோல்களை வைத்து, தொட்டும் பார்த்தும் கேட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு கைகளுக்கும் ஒரு டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்ப வித்தியாசம் இருந்தால் அதுவும் ஒரு கணக்கு. எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருப்பது தெரியும், வலி தெரியாது. அதனால் வீட்டில் நடக்கும் பேச்சை நான் சொல்ல வேண்டியதில்லை. "எலும்பு கூடிருச்சுனு டாக்டரே சொல்லிட்டாரு, இவ சும்மா நடிக்கறா" என்று நோயாளியின் எதிரிலேயே என்னிடம் சொன்ன மாமியார்களும் உண்டு, கணவர்களும் உண்டு. அவர்களையே பக்கத்தில் கூப்பிட்டு இரண்டு கைகளையும் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒரு கை ஜில்லென்று இருக்கும். அதோடு பாதிச் சண்டை முடிந்துவிடும்.

சரி, ஊசிக்கு வருகிறேன். கைக்கு வலி என்றால் ஊசியும் கையில்தான் என்று நினைத்து வருகிறவர்களுக்கு, கழுத்தில் போடப்போகிறோம் என்றதும் பாதி தைரியம் போய்விடும். கையின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதும் வேர்க்க வைப்பதும், நம் கட்டுப்பாட்டில் இல்லாமல் தானாக இயங்கும் சிம்பதெடிக் நரம்புகளின் வேலை. கைக்குப் போகும் அந்த நரம்புகள் கழுத்தின் அடியில் ஸ்டெல்லேட் கேங்கிலியான் என்ற முடிச்சு வழியாகப் போகின்றன. ஆறாவது கழுத்தெலும்பு மட்டத்தில் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி, குரல்வளைக்குப் பக்கத்தில் ஊசியை இறக்கி, மரத்துப்போகும் மருந்தை அங்கே விடுவார் மயக்க மருத்துவர். அதுதான் பிளாக். காலில் வலி என்றால் இதே வேலை இடுப்பு முதுகெலும்புக்குப் பக்கத்தில், சி-ஆர்ம் எக்ஸ்ரே உதவியோடு நடக்கும். ஊசி உள்ளே இருக்கும்போது பேசக்கூடாது, எச்சில் விழுங்கக்கூடாது. உடம்புக்கு ஏதாவது செய்வது போல இருந்தால் நல்ல கையின் விரலைத் தூக்க வேண்டும். இதை முன்கூட்டியே இரண்டு தடவை ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவோம். பயத்தில் "அம்மா" என்று வாயைத் திறக்காதவர்கள் யார்?

ஓவர்லாக் டெய்லர் ஒரு அக்கா வந்திருந்தார். வலது மணிக்கட்டு. துப்பட்டாவில் தூளி கட்டி, கையை நெஞ்சோடு அணைத்தபடிதான் நடப்பார். அந்தத் தூளியை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கை அசையாமல் கிடக்கக் கிடக்க மூட்டு இறுகும், மூளையும் அந்தக் கையை ஒதுக்கி வைக்கப் பழகிவிடும். பிளாக் அன்று இரண்டு கட்டைவிரல்களிலும் வெப்பம் பார்க்கும் சென்சாரை ஒட்டியிருந்தோம். வலது கை 30, இடது 33. மருந்து போன கொஞ்ச நேரத்தில் வலது பக்க எண் ஏற ஆரம்பித்தது. புறங்கையில் ரத்தக் குழாய் புடைத்து வந்தது. நீலம் கலைந்து ரோஜா நிறம். 34-ஐத் தாண்டியதும் சிஸ்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்காவுக்கோ ஏமாற்றம். "மரத்தே போகலீங்களே மேடம், ஊசி புடிக்கல போல." இது எல்லோரும் சொல்வது. பல் பிடுங்கும்போது மரத்துப்போன அனுபவத்தை வைத்து இதையும் எடை போடுகிறார்கள். இங்கே தொடு உணர்ச்சி நரம்பையோ தசையை அசைக்கும் நரம்பையோ தொடுவதே இல்லை. கை மரக்காது, சூடாகும், எரிச்சல் அடங்கும், விரல் அசையும். எனக்கு வேண்டியதும் அப்படிப்பட்ட கைதான். மரத்துப்போன கையை வைத்துக்கொண்டு என்ன பயிற்சி கொடுக்க முடியும்?

அதற்குள் வெளியே அவர் கணவர் பதறிவிட்டார். மனைவியின் வலது கண் இமை இறங்கி, கண் சிவந்து, குரலும் கம்மியிருந்தது. "ஏனுங்க, இது பக்கவாதமுங்களா?" அந்த நரம்பு முடிச்சிலிருந்து முகத்துக்கும் ஒரு கிளை போகிறது. அதனால் இமை தொங்கும், கண்ணின் பாப்பா சுருங்கும், அந்தப் பக்க மூக்கு அடைக்கும். மருந்து சரியான இடத்தின் பக்கம் போயிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. சில மணி நேரத்தில் தானாகச் சரியாகும். குரல் கம்முவது பக்கத்து நரம்பிலும் மருந்து பரவுவதால். குரல் தெளியும்வரை சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கக்கூடாது, புரையேறும். பாவம் என்று டீ வாங்கி வந்து ஊட்டிவிடும் சொந்தக்காரர்களைத் தடுப்பதும் எங்கள் வேலையில் சேர்த்தி. மூச்சுத் திணறல் வந்தால் உடனே சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்பே சொல்லியாக வேண்டும். இவற்றையெல்லாம் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்கிறோம். கூட வருகிறவரை உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கவும் சொல்கிறேன். இல்லாவிட்டால் அது பையோடு வீட்டுக்குப் போய்விடும்.

அப்புறம் என் முறை. ஒரு பேசின் நிறைய அரிசி. முதலில் அதில் கையை வைத்தால் போதும். பிறகு விரலை விரித்து மடக்குவது, அரிசிக்குள் ஒளித்து வைத்த பட்டனைத் தேடி எடுப்பது. டெய்லருக்குப் பட்டன் என்றால் ஒரு உற்சாகம்தான். பஞ்சு, பட்டுத்துணி, பனியன் துணி, சொரசொரப்பான டர்க்கித் துண்டு என்று ஒவ்வொன்றாகப் புறங்கையில் தடவிப் பழக்குவோம். அக்கா பனியன் துணியை விரலில் நிரடிப் பார்த்து, "இது இன்டர்லாக்குங்க" என்றார். மாதக்கணக்கில் யாரையும் தொடவிடாத விரல் அது. அந்தச் சில மணி நேரத்தைப் பேசிக் கழித்துவிட்டு, நாளையிலிருந்து பயிற்சி என்று அனுப்பிவிட்டால் ஊசிக் காசு தண்டம் என்றே நான் சொல்வேன்.

சொல்ல வேண்டிய இன்னொன்று இரவைப் பற்றியது. மருந்தின் வேகம் குறைந்ததும் வலி திரும்பும். சிலருக்குப் பல நாள் கழித்து, சிலருக்கு அன்று ராத்திரியே. பகல் முழுக்க வலியில்லாமல் இருந்துவிட்டு ராத்திரி அதே எரிச்சல் வரும்போது, பழைய வலியைவிடக் கொடுமையாகத் தெரியும். "போச்சு, எல்லாம் வீண்" என்று அழுதுகொண்டு போன் செய்வார்கள். இது வரும் என்று முதலிலேயே சொல்லி வைத்தால் அழுகை குறைகிறது. அதனால் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பதை நான் குறைத்துக்கொண்டேன். நேற்று அந்தக் கையால் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்கிறேன். சாதம் பிசைந்தேன், குழாயைத் திருகினேன் என்று பதில் வரும்போது, வலிக்கு ஏழு மார்க்கே இருந்தாலும் கணக்கு முன்னேறியிருக்கிறது.

எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. கை நன்றாகச் சூடாகியும் வலி துளிகூடக் குறையாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வலி சிம்பதெடிக் நரம்பை நம்பி இருக்கவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கழுத்தில் குத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை, எங்கள் டாக்டருக்கும் இல்லை. நோயாளிகள்தான் கேட்க மாட்டார்கள், "இன்னொண்ணு போட்டுப் பாக்கலாமுங்க" என்பார்கள். இந்த பிளாக் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2016-ம் ஆண்டு அறிக்கையும், இருப்பவை சின்னச் சின்ன ஆய்வுகள், பலன் உண்டு என்று உறுதியாகச் சொல்ல அவை போதாது என்றுதான் முடித்தது. ஊசி வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நகையை அடகு வைத்து ஊசி போட வருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஊசி பலிக்காதவர்களுக்கும் கண்ணாடி இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி என்று வந்தவர்களுக்காக 1990-களில் கொண்டுவந்த முறை அது. வலிக்கும் கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கும், நல்ல கையை அசைத்தால் கண்ணாடியில் இரண்டும் அசைவது போலத் தெரியும். சி.ஆர்.பி.எஸ்.-க்கும் இப்போது இதைச் செய்கிறோம். ஆனால் எடுத்தவுடன் கண்ணாடி கூடாது. முதலில் கைகளின் படங்களைக் காட்டி, எது இடது எது வலது என்று சொல்ல வைப்போம். நன்றாக இருக்கிற நாம் சட்டென்று சொல்லிவிடுவோம், இவர்கள் தடுமாறுவார்கள். அடுத்து அசைப்பதாக மனதில் நினைப்பது, கடைசியில்தான் கண்ணாடி. பாத்ரூம் கண்ணாடி போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இதையெல்லாம்விடத் தலைவலி வேலைக்குத் திரும்பும் காகிதம்தான். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.-யில் உடம்பு சரியில்லாத நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இந்த நோய் 91 நாளில் அடங்குவது அபூர்வம். எலும்பு கூடிவிட்டது, வேலைக்குப் போகலாம் என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், பீஸ் ரேட்டில் ஒன்றரை ஷிப்ட் ஓட்டும் லைனில் போய் உட்கார வேண்டும். கை மறுபடி வீங்கும், வேலையும் போகும். எனவே கடிதத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று பிரித்து எழுதுகிறோம். ஏசிக் காற்று நேராகக் கையில் படக்கூடாது, மணிக்கொரு தடவை கை நீட்டி மடக்க ஐந்து நிமிஷம் வேண்டும், மெஷின் அதிர்வு இப்போதைக்கு வேண்டாம். அந்த ஓவர்லாக் அக்காவின் சூப்பர்வைசர் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கே போன் செய்தார். பிசிர் வெட்டும் டேபிளில் அரை ஷிப்ட் தரமுடியும், கூலி குறையும், பரவாயில்லையா என்று கேட்டார். அக்கா சரி என்றார். இரண்டாவது பிளாக்குக்கான தேதியை ஆர்டர் போகும் வாரத்தில் வராதபடி மாற்றிக் கேட்டிருக்கிறார், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.