பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு தாயம்

பாடசாலை மலருக்கு எழுதுபவர்கள் இல்ல விளையாட்டுப் போட்டிகளையும் விடுதிச் சாப்பாட்டையும் நினைவுகூர்வதே வழக்கம். அவற்றை என்னிலும் நன்றாக எழுதக்கூடியவர்கள் எம்மிடையே பலர் இருப்பதால், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த காலத்தில் எங்கள் தூய கணித ஆசிரியர் எங்களில் சிலரைக் கூப்பிட்டு நடத்திய மாலை வகுப்புகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அவற்றுக்குப் பாடத்திட்டமும் இல்லை, கட்டணமும் இல்லை.

ஒரு கணியத்தின் மாற்றவீதம் அக்கணியத்துக்கே விகிதசமமாயின் அது அடுக்குக்குறிச் சார்பாக வளரும் அல்லது தேயும் என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. இரு கணியங்கள் ஒன்றின் மாற்றவீதத்தில் மற்றையது தலையிடுமாயின் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். ஒன்றை நீக்கி, இரண்டாம் வரிசை வகையீட்டுச் சமன்பாடாக்கி, துணைச் சமன்பாட்டின் மூலங்களைத் தேடுவதுதான் எங்களுக்குப் பழகிய வழி. அவரோ நான்கு குணகங்களையும் இரு நிரையும் இரு நிரலும் கொண்ட ஒரு தாயமாக, அதாவது எண்களின் சதுர அட்டவணையாக (matrix) எழுதி, 1 + x + x²/2! + x³/3! + … என்ற அடுக்குக்குறித் தொடரில் எண் இருந்த இடத்தில் அத்தாயத்தையே வைத்தார். அப்படிக் கிடைப்பதே தாயத்தின் அடுக்குக்குறி. எந்தச் சதுரத் தாயத்தை வைத்தாலும் அத்தொடர் ஒருங்கும், அதாவது முடிவான ஒரு விடையை நெருங்கும் என்பதை ஒரு சமனிலியால் காட்டிவிட்டு உதாரணத்துக்குப் போனார்.

மேல் நிரையில் 0, −1. கீழ் நிரையில் 1, 0. இத்தாயத்தை வர்க்கித்தால் அலகுத் தாயத்தின் (எண்களில் 1 போல, பெருக்கினால் எதையும் மாற்றாத தாயத்தின்) மறை வரும். ஆகவே தொடரின் இரட்டை உறுப்புகள் கோசைன் தொடராகவும் ஒற்றை உறுப்புகள் சைன் தொடராகவும் பிரிய, தளத்தைச் சுழற்றும் தாயம் கரும்பலகையில் வந்து நின்றது. எளிய இசை இயக்கத்தை வட்ட இயக்கத்தின் எறியமாக மனனம் செய்திருந்த எங்களுக்கு அந்த வட்டம் எங்கிருந்து வருகிறது என்பது அன்றுதான் புரிந்தது. மேல் நிரையில் 0, 1 உம் கீழ் நிரையில் இரு பூச்சியங்களும் உள்ள தாயத்தின் வர்க்கம் பூச்சியமாதலால் தொடர் இரண்டாம் உறுப்போடு முடிந்து, சீரான வேகத்தில் செல்லும் பொருளின் இடப்பெயர்ச்சியைத் தந்தது.

ஆனால் அவருக்கு அத்தொடரில் பெரிய மதிப்பு இருக்கவில்லை. "தொடரை அழியுங்கோ, நேரத்தை மட்டும் யோசியுங்கோ" என்றார். விதி நேரத்தோடு மாறாத ஒரு தொகுதியை முதலில் த அளவு நேரமும் பிறகு ச அளவு நேரமும் ஓடவிடுவதும், ஒரேயடியாக ச + த அளவு நேரம் ஓடவிடுவதும் ஒன்றே. த நேரத்தில் நிகழும் மாற்றத்தை ப(த) என்ற தாயமாக எழுதினால், ப(ச + த) = ப(ச) ப(த) என்றும், ப(0) அலகுத் தாயம் என்றும் கிடைக்கும். இத்தகைய தாயங்களின் குடும்பமே ஒற்றைப் பரமானக் கூட்டம், அதாவது நேரம் என்ற ஒரே மாறியால் சுட்டப்படும் கூட்டம். மேற்சொன்ன சமன்பாடே அதன் கூட்ட விதி. இதனோடு ப தொடர்ச்சியானது என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டார். பெறுதி (மாற்றவீதம்) உண்டு என்று சொல்லவில்லை, வகையீட்டுச் சமன்பாடு எதையும் தரவுமில்லை.

அதன்பின் வந்த நிறுவலை இன்றும் தாள் பாராமல் எழுதுவேன். ப(த) ஐப் பூச்சியத்திலிருந்து ஒரு சிறிய நீளத்துக்குத் தொகையிட்டு, அந்நீளத்தால் வகுத்தால், கிடைப்பது அலகுத் தாயத்துக்கு மிக அண்மையில் இருக்கும். ஆகவே அதற்கு நேர்மாறு (அதனோடு பெருக்கினால் அலகுத் தாயத்தைத் தரும் தாயம்) உண்டு. அத்தொகையீட்டை ப(த) ஆல் பெருக்கினால், கூட்ட விதியின்படி, த இலிருந்து தொடங்கி அதே நீளத்துக்கு எடுத்த தொகையீடு வரும். தொடர்ச்சியான சார்பின் தொகையீட்டை அதன் எல்லையைக் குறித்து வகையிடலாம் என்பதால் பெருக்கம் வகையிடத்தக்கது. நேர்மாறால் பெருக்கிவிட்டால் ப(த) உம் வகையிடத்தக்கதே. பூச்சியத்தில் அதன் பெறுதி ஒரு நிலையான தாயம். வேறெந்தக் கணத்திலும் பெறுதி அத்தாயத்தை ப(த) ஆல் பெருக்கியது. ஆகவே தொடர்ச்சியான எந்த ஒற்றைப் பரமானத் தாயக் கூட்டமும் ஒரு தாயத்தின் அடுக்குக்குறியேயன்றி வேறில்லை. இவ்வளவு குறைந்த முதலில் இவ்வளவு பெரிய முடிவைத் தந்த நிறுவலை நான் பின்னரும் அதிகம் கண்டதில்லை.

எண்களுக்கு இதே சார்புச் சமன்பாட்டை பிரான்சின் கோசி 1821 இல் தீர்த்திருந்தார். நேர்கோட்டு வகையீட்டுச் சமன்பாடுகளைத் தொடர்களால் தீர்க்கும் முறையை இத்தாலியரான பியானோ 1888 இல் வெளியிட்டார். தொடர்ச்சியான கூட்டங்களைத் தனித் துறையாக்கியவர் நோர்வேயின் சோபஸ் லீ. எங்கள் சேர் இத்தகைய பெயர்களில் நேரம் செலவழிப்பவரல்லர். இரு தாயங்களின் கூட்டலின் அடுக்குக்குறியை அடுக்குக்குறிகளின் பெருக்கமாக உடைக்கும் ஆசையைக் கெடுப்பதில்தான் அக்கறை காட்டினார். மேல் வலது மூலகம் மட்டும் 1 ஆன தாயத்தையும் கீழ் இடது மூலகம் மட்டும் 1 ஆன தாயத்தையும் எடுங்கள். அடுக்குக்குறிகளின் பெருக்கத்தில் மூலகங்கள் 2, 1, 1, 1. கூட்டலின் அடுக்குக்குறியிலோ ஏறக்குறைய 1.543, 1.175, 1.175, 1.543. பெருக்கும் வரிசையை மாற்றினால் விடை மாறும் தாயங்களுக்கு அந்த உடைப்பைப் பொதுவில் நம்ப முடியாது.

புலம்பெயர்ந்த பின் கணிப்பு வேலையில் இருந்தபோது, கிளீவ் மோலரும் சார்ல்ஸ் வான் லோனும் 1978 இல் எழுதிய ஆய்வுரையைப் படித்தேன். தாய அடுக்குக்குறியைக் கணிக்கும் பத்தொன்பது வழிகளை எடைபோட்ட அவர்கள், எதையும் முழுக்க நம்பத் தயாராக இல்லை. அவர்களது உதாரணத் தாயத்தில் மேல் நிரை −49, 24. கீழ் நிரை −64, 31. ஏறக்குறைய ஆறு இலக்கத் திருத்தத்தில் தொடரை நேரே கூட்டினால் முதல் மூலகம் −22.25880 என வருகிறது. சரியான விடை −0.735759. இடையில் வரும் பதினாறாம், பதினேழாம் அடுக்கு உறுப்புகள் பத்து இலட்சத்தைத் தாண்டி, எதிர்க்குறிகளோடு ஒன்றையொன்று அழிப்பதில் திருத்தமான இலக்கங்கள் எல்லாம் போய்விடுகின்றன.

இன்று மட்லாப் போன்ற மென்பொருள்கள் கையாளும் பரிகாரம் கூட்ட விதியில்தான் இருக்கிறது: ப(2த) என்பது ப(த) இன் வர்க்கம். தாயத்தை 2 இன் ஓர் அடுக்கால் வகுத்துச் சிறிதாக்கி, அதன் அடுக்குக்குறியைக் கணித்து, திரும்பத் திரும்ப வர்க்கிக்கிறார்கள். மேற்சொன்ன தாயத்தை 1024 ஆல் வகுத்தால் எந்த மூலகத்தின் பருமனும் 0.0625 ஐ மிஞ்சாது. அப்போது தொடரில் சில உறுப்புகளே போதும். பத்து முறை வர்க்கித்தால் விடை.