மேலே வந்து கிடந்த பூண்டு

போன மார்ச்சில் பனி உருகியதும் கொல்லைப் பக்கம் போனேன். அக்டோபரில் இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றிய பூண்டுப் பற்களில் பாதி, மண்ணுக்கு மேலே கிடந்தன. அணில் வேலை என்றுதான் நினைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இத்தாலியப் பாட்டி, "அணில் இல்லை, மண்ணை மூடாமல் விட்டிருக்கிறாய்" என்றார்.

சுருக்கென்றது. பொள்ளாச்சித் தோப்பில் வளர்ந்தவள் நான். தென்னையைச் சுற்றி வட்டப்பாத்தியில் தேங்காய் மட்டையும் காய்ந்த ஓலையும் பரப்பிவிட்டு, "மண்ணு வெய்யலப் பாக்கக் கூடாது கண்ணு" என்பார் அப்பா. சித்திரையிலும் மட்டைக்கு அடியில் கைவிட்டால் ஜில்லென்று ஈரம் இருக்கும்.

இங்கே கனடாவில், ஸ்கார்பரோவில், இப்படி மண்ணை மூடும் மூடாக்கின் வேலையே வேறு. அது செடிக்குப் போர்வை என்று நினைத்திருந்தேன். இல்லையாம். ஈர மண் இரவில் உறைந்து உப்புகிறது, பகலில் இளகி அமர்கிறது. இப்படியே மாறி மாறி நடந்தால் உள்ளே இருப்பதை மேலே தள்ளிவிடும். உறைந்த மண் வசந்தம் வரை உறைந்தபடியே கிடக்கத்தான் மூடாக்கு. அதனால் மண் உறைந்து இறுகிய பிறகு போடச் சொன்னார் பாட்டி. முன்பே போட்டால் எலி குடிவந்துவிடும்.

சரி, எதைப் போடுவது? இலையுதிர் காலத்தில் இங்கே தெருவெல்லாம் காகிதப் பைகளில் மேப்பிள் இலையைக் கட்டி, நகராட்சி வண்டிக்கு வைத்துவிடுகிறார்கள். இவ்வளவு நல்ல சருகை! கேட்டுக் கேட்டு பதினொரு பை தூக்கிவந்தேன். அப்படியே கொட்டினால் நனைந்து அப்பளக்கட்டு மாதிரி ஒட்டிக்கொள்ளும். புல்வெட்டும் இயந்திரத்தை இரண்டு முறை ஓட்டிப் பொடித்தேன். அந்த வாசனை இருக்கிறதே, தோப்பில் முதல் மழைக்கு நனைந்த சருகேதான். பூண்டுக்கு ஐந்து அங்குலம். ரோஜாவுக்கு அடியில் ஒரு அடி மண் அணைத்து, அதன்மேல் இலை.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. கறிவேப்பிலையை மட்டும் எந்த மூடாக்காலும் காப்பாற்ற முடியாது. தொட்டியோடு சமையலறை ஜன்னலுக்கு வந்துவிட்டது. தாளிக்க ஒரு கொத்து கிள்ளும்போதெல்லாம் எங்கள் கிணற்றடி மரம், அதில் வந்து உட்காரும் மைனா, அம்மா குரல்...

நேற்று அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"மண்ணுல ஈரம் இருக்குதா கண்ணு?"

"கல்லாட்டம் உறைஞ்சு கெடக்குதுங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எதுக்கும் இன்னும் ரெண்டு கூடை சருகு போட்டு வை" என்றார்.