சுங்கை சிப்புட்டுக்கு ஆங்கிலம் வந்த வழி

ஐந்தாம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடிகள் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த பேச்சே ஆங்கிலம்; அது 1066இல் வட பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் வென்ற பின் பிரெஞ்சுச் சொற்களை ஏராளமாக ஏற்று, 1476இல் அச்சாளர் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் அமைத்த பின்னர் மெல்ல ஒரு பொது எழுத்து வடிவம் பெற்றது. அது தன் இனிமையால் உலகெங்கும் பரவியது என்போரை நான் ஏற்பதில்லை. கப்பலும் வணிகமும் ஆட்சியுமே அதைப் பரப்பின. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் லைட் மலாயாவின் பினாங்குத் தீவில் இறங்கினார். 1816இல் அங்கே ஆங்கிலப் பள்ளி திறக்கப்பட்டது.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களிலோ, ஆங்கிலம் துரையின் பங்களாவோடும் கிராணி எனப்பட்ட எழுத்தரின் கணக்கேடுகளோடும் நின்றுகொண்டது. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் தொடக்க வகுப்புகளே வாய்த்தன; ஆங்கிலக் கல்வி பட்டணத்தில்தான் இருந்தது. 1967ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டத்தால் மலாய் ஆட்சிமொழியாக உறுதிப்பட்ட பிறகும், தனியார் நிறுவன நேர்காணல்களில் எங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலமே எதிர்பார்க்கப்படுகிறது.