அஸ்மோடியனைக் கொன்றது யார்? ஒன்பது மாதம், ஒரு நோட்டு

ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரில் ஐந்தாம் நூல் 1993இல் வந்தது. அதன் முடிவில், சண்டை ஓய்ந்த அரண்மனையில் ஒருவன் நல்ல ஒயின் கிடைக்குமா என்று தேடிக்கொண்டு ஒரு சின்னக் கதவைத் திறக்கிறான். எதிரில் நிற்பவரைப் பார்த்ததும் முகம் வெளுக்கிறது. வாயிலிருந்து வருவது இரண்டே சொல். அவ்வளவுதான், செத்துப்போகிறான். கொன்றவர் யார் என்று அங்கே சொல்லவில்லை. அடுத்த நூலிலும் இல்லை, அதற்கு அடுத்ததிலும் இல்லை.

கல்லூரி நாட்களில் இந்த இடத்தோடு தொடரை நிறுத்தியவள் நான். என் சித்தி மகன் பதினான்கு நூலையும் முடித்தவன். போன ஆண்டு ஒரு கல்யாண வீட்டில் பேச்சு வந்தபோது, “யார்னு கண்டுபிடிக்க ரசிகர்கள் வருஷக்கணக்கா மண்டையை உடைச்சுக்கிட்டாங்க அக்கா” என்றான். சரி, நாமும் உடைத்துப் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன். நெட்டில் தேடக் கூடாது, தம்பியிடம் கேட்கக் கூடாது, ஐந்தாம் நூலிலிருந்து பதினொன்று வரை படித்து, பன்னிரண்டைத் திறப்பதற்குள் ஒரு பெயரை எழுதிவிட வேண்டும். பதினொன்றோடு நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. ஜோர்டன் 2007 செப்டம்பரில் காலமானார். கடைசி மூன்று நூல்களை அவருடைய குறிப்புகளை வைத்து முடித்தவர் பிராண்டன் சாண்டர்சன். புதிரைப் போட்டவர் கையாலேயே எழுதிய பக்கங்களுக்குள் விடை கிடைக்கிறதா என்று பார்க்க நினைத்தேன்.

இனித் தொடரைப் படிக்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். கீழே எல்லாமே உடைகிறது.

முதல் மாதம், ஐந்தாம் நூல். செத்தவன் அஸ்மோடியன். இருளரசனுக்குத் தங்களை விற்றுக்கொண்ட, பழங்காலத்தைச் சேர்ந்த பதின்மூன்று பேரில் ஒருவன். நாயகன் ராண்டிடம் சிக்கி, பாணன் வேடத்தில் அவனுக்கே மந்திரம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறான். அதாவது சொந்தக் கூட்டத்துக்குத் துரோகி. அவனைக் கொல்ல ஆசைப்படாதவர்களைப் பட்டியல் போடுவது இதைவிடச் சுலபம்.

லாங் சைஸ் நோட்டில் மூன்று பத்திகள் போட்டேன்: ஏன், எப்படி, அங்கே வந்திருக்க முடியுமா. குறிப்புகளைத் தமிழில் எழுதியதால் பெயர்களை எப்படி உச்சரிப்பது என்ற சிக்கல் வந்தது. ஒவ்வொரு நூலின் பின்னாலும் உச்சரிப்போடு ஒரு சொல்லடைவு இருக்கிறது. அதைப் பார்த்துப் பெயர்களை எழுதிக்கொண்டேன். இந்தச் சொல்லடைவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாகும்போது அவன் சொல்லும் இரண்டு சொல்லைத் தமிழில் எழுதப்போய்ப் பேனா நின்றுவிட்டது. “நீயா? இல்லை!” என்று எழுதுவதா, “நீங்களா?” என்று எழுதுவதா? நீயா என்றால் அவனுக்குச் சமமானவர், இல்லையென்றால் கீழே உள்ளவர். நீங்களா என்றால் அவனே பயந்து வணங்கும் மேலிடம். ஆங்கிலத்தின் அந்த ஒற்றைச் சொல் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இந்தக் காட்சியைத் தமிழில் எழுதியிருந்தால் சந்தேகப்பட்டியல் அந்த இடத்திலேயே பாதியாகியிருக்கும். மொழிபெயர்க்க வருகிறவர் பாவம், விடை தெரியாமல் இந்த வரியைத் தாண்டவே முடியாது. கடைசியில் நான் ‘நீயா’ என்றே எழுதினேன். அதற்குக் காரணம் எதுவும் இல்லை, காதுக்கு அதுதான் சரியாகப் பட்டது.

முதலில் அதே பதின்மூவரில் ஒருத்தியான லான்ஃபியர் மேல்தான் சந்தேகம். அஸ்மோடியனை ராண்டிடம் சிக்கவைத்தவளே அவள். ஆனால் நேரக்கணக்குப் போட்டதில் அடிபட்டுப்போனாள். காயிரியன் துறைமுகச் சண்டையில் ராண்டின் பக்கம் நிற்கும் மொய்ரெய்ன் அவளை ஒரு மாயக் கதவுக்குள் தள்ளி, தானும் விழுந்துவிடுகிறாள். கதவும் எரிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் ராண்ட், அந்த அரண்மனை இருக்கும் கேம்லின் நகருக்குப் பாய்ந்து, பதின்மூவரில் இன்னொருவனான ராவினைக் கொல்கிறான். அஸ்மோடியன் சாவது அதற்கும் பிறகு. (சொல்லப்போனால் அன்றைக்கு அது அவனுக்கு இரண்டாவது சாவு. முதலில் ராவினின் மின்னலில் செத்தவன், ராவின் பேல்ஃபயரில் எரிந்து அவன் செய்ததே நடக்காததாக ஆனதால் மீண்டான். உயிர் திரும்பியவன் நேரே ஒயின் தேடிப் போயிருக்கிறான். என்ன மனுஷன்!)

இரண்டாம், மூன்றாம் மாதங்கள், ஆறாம் நூல். இங்கே நான் விழுந்த பள்ளம் பெரியது. நூலின் தொடக்கத்தில் பதின்மூவரில் ஒருவனான டெமாண்ட்ரட் இருளரசனிடம் நேரில் உத்தரவு வாங்குகிறான். கொஞ்சப் பக்கம் தாண்டியதும் மஸ்ரிம் டயீம் என்ற புதியவன் கேம்லினுக்கே வந்து ராண்டிடம் சேர்கிறான். திமிர் பிடித்தவன், பொறாமைக்காரன். ஓரிடத்தில் ஐயெல் மக்களைப் பற்றி ‘ஐயெல் என்று சொல்லிக்கொள்பவர்கள்’ என்ற தொனியில் பேசுகிறான். ஐயெல்கள் பழங்காலத்தில் ஆயுதம் தொடாதவர்கள். அது தெரிந்தவன்தானே அப்படிப் பேசுவான்? நூலின் கடைசியில் டெமாண்ட்ரட் தன் எசமானிடம், தான் நன்றாகச் செய்தேன் இல்லையா என்று கேட்கிறான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. டயீம்தான் டெமாண்ட்ரட்! ஆளும் சரி, ஊரும் சரி. நோட்டில் சிவப்பு மையில் இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன்.

பெருமை தாங்காமல் விதியை மீறித் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அவன் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. “அக்கா, இதுல ஒரு தலைமுறையே விழுந்திருக்கு. ரெண்டு பேரையும் ஒட்டி ஒரே பேராவே வெச்சிருந்தாங்க, டயீமாண்ட்ரட்னு.” ஜோர்டனே உயிரோடு இருந்தபோது ‘அவன் இவன் இல்லை’ என்று நேராகச் சொல்லிவிட்டாராம். அப்போதும் நம்பாதவர்கள் இருந்தார்களாம். கடைசி நூலில் டெமாண்ட்ரட் ஷாரா நாட்டுப் படையோடு வந்து இறங்குகிறானாம். சிவப்பு மை இரண்டு பக்கமும் வீண். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: இந்த ஒன்பது மாதத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு பக்கத்தை எழுதிய ராத்திரிதான்.

அன்றைக்கே தம்பி இன்னொரு சந்தேகப் பெயரும் கொடுத்தான். பேலா. முதல் நூலிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் சடைமுடிக் குதிரை. ரசிகர்களின் கேலிப்பட்டியலில் நிரந்தர உறுப்பினராம். எல்லாச் சதிக்கும் பின்னால் அவள்தான் என்று ஒரு கட்சியே உண்டாம். நானும் விடாமல் சோதித்தேன். சம்பவ நேரத்தில் பேலா, சுவான் என்ற பாத்திரத்தோடு சலிடார் என்ற வேறு ஊரில் இருக்கிறாள். நிரபராதி.

நான்கிலிருந்து ஏழாம் மாதம் வரை, ஏழு முதல் பத்து. ஏழும் எட்டும் ரயிலில் ஓடிவிட்டன. பத்தாம் நூலைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. நத்தை முந்திவிடும்.

இந்த நாட்களில்தான் ஒவ்வொரு பெயராக அடித்தேன். பதின்மூவரில் ஒருத்தியான கிரெண்டலை அடித்தது நன்றாக நினைவிருக்கிறது: ‘அராட் டோமனில் சொகுசாக உட்கார்ந்திருக்கிறாள். எதற்கும் நேரில் வராதவள். நீக்கு.’ அதே கூட்டத்துச் சமாயெலையும் அடித்தேன். இல்லியனில் பொறி வைத்துக் காத்திருப்பவன், இடத்தை விட்டு நகர மாட்டான். ஒன்பதாம் நூலில் ஸ்லேயரை விவரமாகப் பார்த்ததும் மனம் அவன் பக்கம் சாய்ந்தது. கனவுலகத்துக்குள் உடலோடு நுழைந்து வேறிடத்தில் வெளிவருகிறவன், தொழிலே கொலை. ஒரே ஒரு முள்: அவனைப் பார்த்து அஸ்மோடியன் ‘நீயா’ என்பானா? முகம் தெரிந்திருக்க வேண்டுமே.

எட்டாம் மாதம், பதினொன்று. இதில் கதை மறுபடி வேகம் பிடிக்கிறது. முடித்த அன்றே எழுதிவிட்டேன்: ஸ்லேயர், பத்துக்கு ஆறு.

ஒன்பதாம் மாதம். பன்னிரண்டு போனது. பதின்மூன்றின் கடைசி அத்தியாயமும் போனது. விடை இல்லை. தம்பியைக் கூப்பிட்டேன்.

“முடிச்சுட்டேன்டா. சொல்லவே இல்லையே?”

“அட்டை வரைக்கும் படிச்சீங்களா அக்கா?”

பெயர்கள் பழகிவிட்டதால் ஏழாம் நூலுக்குப் பிறகு நான் சொல்லடைவைப் புரட்டியதே இல்லை. திருப்பினேன். கிரெண்டல் என்ற பெயருக்கு நேராக, அவளைப் பற்றிய குறிப்போடு குறிப்பாக, அஸ்மோடியனின் சாவுக்குக் காரணமானவள் என்று போட்டிருக்கிறது. காட்சி இல்லை, வசனம் இல்லை. 1993இல் போட்ட முடிச்சு 2010இல் சொல்லடைவில் அவிழ்கிறது. பதினேழு ஆண்டு! நூல் வந்த அன்று இதைப் பார்த்த பழைய ரசிகர்களின் முகத்தை நினைத்துப் பார்த்தேன்.

ஜோர்டன் இதைக் கவனமாகப் படிப்பவர்களுக்குத் தெளிவாகவே தெரியும் என்று சொல்லிவந்தவர். கையெழுத்து வாங்க வரிசையில் நின்று கேட்டவர்களுக்கு ‘படித்துத் தெரிந்துகொள்’ (Read and find out) என்பதுதான் பதில். ரசிகர்கள் அதையே ராஃபோ (RAFO) என்று சுருக்கிவிட்டார்கள். சரி, அப்படி என்ன தெளிவு என்று ஐந்தாம் நூலின் முன்னுரைக் காட்சியை மறுபடி எடுத்தேன். நான்கு பேர் ஒரே அறையில் சதி பேசுகிறார்கள்: ராவின், லான்ஃபியர், சமாயெல், கிரெண்டல். ராவின் செத்தான். லான்ஃபியர் கதவுக்குள் போனாள். சமாயெல் இடத்தை விட்டு நகர மாட்டான் என்று நானே எழுதியிருக்கிறேன். ராவினுக்கு என்ன ஆனது என்று பார்க்கக் கேம்லினுக்கு வரக்கூடியவர் வேறு யார் மீதி? அந்த நான்கு பெயரும் என் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தன. ‘சொகுசாக உட்கார்ந்திருப்பவள்’ என்று நம்பிவிட்டேன். எல்லோரும் அப்படி நம்ப வேண்டும் என்பதுதான் அவளுடைய வேஷமே.

ஆனாலும் ‘தெளிவு’ என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவள் வந்திருக்கலாம் என்பது வரை சரி. வந்தாள் என்பதற்கு நான் படித்தவரை ஒரு வரிகூட இல்லை. ஜோர்டனையே அடிக்கடி கேட்டுத் தொல்லை கொடுத்ததால் கொலைகாரரை மாற்றிவிட்டார் என்று நினைக்கும் ரசிகர்களும் உண்டாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘நீயா’ கச்சிதமாகப் பொருந்துகிறது. அதில் மட்டும் நான் ஜெயித்தேன்.

இப்போது பதினான்கையும் முடித்தாயிற்று. பேலா விழும் இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். கடைசிக் காட்சியை ஜோர்டன் சாவதற்கு முன்பே தன் கையால் எழுதி வைத்திருந்தார். அதில் ராண்ட் புகைக்குழாயை வெறுமனே நினைத்தே பற்றவைக்கிறான். மந்திரம் இல்லை, நெருப்பும் இல்லை. எப்படி என்று தம்பியிடம் கேட்டேன்.

“அது எந்தச் சொல்லடைவுலயும் இல்ல அக்கா” என்றான்.

நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் மிச்சம். மூன்று பத்திக் கோடு போட்டுவிட்டேன்.