சாட்ஸ்வர்த் நாட்குறிப்பு: பென்ஷன் அஞ்சலகத்துக்கு மாறிய 2018

24 மார்ச் 2018, சனிக்கிழமை

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் நேற்றுத் தீர்ப்பளித்துவிட்டது. சமூக மண்டபங்களில் எங்கள் பென்ஷனை ரொக்கமாகக் கொடுத்துவரும் கேஷ் பேமாஸ்டர் சர்வீசஸ் நிறுவனம் இன்னும் ஆறு மாதங்கள், அதாவது செப்டம்பர் 30 வரை, அந்தப் பணியைத் தொடரலாம். அதற்குள் அஞ்சலகம் பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இதைப் படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டர்பன் நகரில் இந்தியர் வாழும் பகுதியான இந்தச் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் பென்ஷன் என்று சொல்வது அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் ஊதியத்தை அன்று. அறுபது வயது நிறைந்து, வருமானமும் சொத்தும் ஒரு வரம்புக்குள் இருக்கும் எவருக்கும், அவர் வாழ்நாள் முழுவதும் வீட்டு வேலையே செய்திருந்தாலும், தென்னாப்பிரிக்க அரசு மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகை அது. உடற்குறை உள்ளவர்களுக்கும், வறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் தனித்தனித் தொகைகள் உண்டு. நாடு முழுவதும் ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட தொகைகள் மாதந்தோறும் இப்படிப் போகின்றன. இவற்றை நிர்வகிக்கும் முகமையைச் சாசா என்று எல்லோரும் சுருக்கிச் சொல்கிறோம்.

கேஷ் பேமாஸ்டர் நிறுவனத்துக்கு 2012இல் கொடுக்கப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று இதே நீதிமன்றம் 2013 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. மாற்று ஏற்பாடு இல்லாமல் நிறுத்தினால் கிழவிகளும் குழந்தைகளும் பட்டினி கிடப்பார்கள் என்பதால்தான் அது தொடர அனுமதிக்கப்பட்டது. 2017 மார்ச்சில், பிளாக் சாஷ் என்ற மனித உரிமை அமைப்பினர் தொடுத்த வழக்கில், ஓராண்டு நீட்டிப்பு. இப்போது மேலும் ஆறு மாதங்கள். செல்லாது என்று சொன்ன பிறகும் ஓர் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்தது என்றால், மாற்று ஏற்பாடு செய்யவேண்டிய மேலிடத்தார் அத்தனை காலமும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

5 ஏப்ரல் 2018, வியாழக்கிழமை

பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தபோது, நிழல் தேடி உட்கார்ந்திருந்த பெண்களிடையே பேச்செல்லாம் புதிய தொகையைப் பற்றியதாகவே இருந்தது. முதியோர் தொகை 1,600 ராண்டிலிருந்து 1,690 ஆகவும், பிள்ளைகளுக்கான தொகை 380இலிருந்து 400 ஆகவும் இந்த மாதம் முதல் உயர்ந்திருக்கின்றன. எழுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு இன்னும் இருபது ராண்ட் கூடுதல்.

ஆனால் அதே ஏப்ரல் முதல் தேதியன்றுதான் மதிப்புக்கூட்டு வரி 14 விழுக்காட்டிலிருந்து 15 ஆனது. சோளமாவு, அரிசி, உலர்ந்த பருப்பு வகைகள், பழுப்பு ரொட்டி, பால், முட்டை, டின்னில் வரும் பில்ச்சர்ட் மீன், சமையல் எண்ணெய், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்கு வரி இல்லை. அதைக் காட்டி, ஏழைகளுக்குப் பாதிப்பில்லை என்று வானொலியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் எந்தக் காலத்திலாவது ஒரு பென்ஷன்காரியோடு கடைக்குப் போயிருப்பாரா என்பது சந்தேகமே. கோழிக்கு வரி உண்டு, தேயிலைக்கு உண்டு, சோப்புக்கும் மசாலாப் பொடிக்கும் உண்டு.

22 மே 2018, செவ்வாய்க்கிழமை

பழைய வெள்ளை அட்டையைக் கொடுத்து, அஞ்சலகத்தின் பொன்னிற அட்டையைப் பெறும் வேலை எங்கள் பகுதியிலும் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவையும் கோயில் முதியோர் குழுவைச் சேர்ந்த வேறு சிலரையும் இன்று காலை அழைத்துப் போனேன். வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளியில் பாடம் நடத்தியவள் என்பதால் படிவம் நிரப்புவது என்றாலே "டீச்சரைக் கூப்பிடு" என்பது இங்கே வழக்கமாகிவிட்டது.

அடையாள அட்டை, பழைய சாசா அட்டை, விரல் ரேகை, பிறகு நான்கு இலக்க இரகசிய எண்: நடைமுறை இவ்வளவுதான். ஆனால் பெரியம்மாவின் விரல் ரேகை இயந்திரத்தில் பதியவே இல்லை. இளம் வயதிலிருந்தே துணி ஆலையில் தையல் வேலை செய்து, அதன்பின் பேரப்பிள்ளைகள் தலைமுறைவரை துணி துவைத்த கைகள். ரேகை எங்கே இருக்கும்? கவுன்டரில் இருந்த பெண், முப்பது வயதுகூட இராது, கொஞ்சமும் சலித்துக்கொள்ளாமல் ஒவ்வொரு விரலாக ஈரத்துணியால் துடைத்து வைத்துப் பார்த்தாள். "ஏழாவது விரல் எடுத்துக்கிச்சு டீச்சர், இன்னும் மூணு மிச்சம் இருக்கு" என்று பெரியம்மா வெளியே வந்து எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

எனக்குக் கவலை தருவது இரகசிய எண்தான். மண்டபத்தில் பணம் வாங்கும்போது விரலை வைத்தால் போதும். விரலை யாரும் இரவல் வாங்க முடியாது. எண்ணோ, சொன்ன மறுநிமிடமே இன்னொருவருடையது ஆகிவிடுகிறது. வட்டிக்கு விடுகிறவர்களை இங்கே ஜூலு மொழியில் மஷோனிசா என்பார்கள். கடன் கொடுக்கும்போதே அட்டையையும் எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு, பணம் வரும் நாளில் தாமே எடுத்து, மீதியை மட்டும் கையில் கொடுப்பது அவர்களுடைய தொழில். அது சட்டப்படி குற்றம். ஆனால் கடன் வாங்கியவரே புகார் கொடுக்கப் போவதில்லை.

கட்டண விவரத்தைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதியும், தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லியும் அனுப்பினேன். அஞ்சலகக் கவுன்டரிலும் பெரிய கடைகளின் கல்லாவிலும் எடுத்தால், மாதத்துக்கு இத்தனை முறை என்ற வரம்புக்குள், கட்டணம் இல்லை. ஏடிஎம் இயந்திரத்தில் எடுத்தால் ஒவ்வொரு முறையும் பிடித்தம் உண்டு. ஆகவே இயந்திரத்தில் நூறு நூறாக எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடச் சொன்னேன்.

2 ஜூலை 2018, திங்கட்கிழமை

புதிய அட்டை வாங்கியவர்களில் பலருக்கு இம்மாதப் பணம் கைக்கு வரவில்லை. நாடு முழுவதும் இதே நிலை என்று செய்தியில் சொன்னார்கள். கணினி அமைப்பில் கோளாறாம். பழைய அட்டையை மாற்றாமல் சோம்பியிருந்தவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக, சொன்ன சொல் கேட்டு முதலில் மாற்றியவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். அட்டையை மாற்றும்படி வீடு வீடாகச் சொன்னவளாகிய என்னை அவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. பெரியம்மா மட்டும், "பாங்கிலே இருக்குன்னு சொல்றாங்க, கடைக்காரன்கிட்டே அதைச் சொன்னா அரிசி குடுப்பானா?" என்று கேட்டார்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஜூலுப் பாட்டி ஒருவர், மூன்று பேரப்பிள்ளைகள் தன்னிடம் வளர்வதாகவும், அவர்களுடைய பள்ளி வண்டிக்காரருக்கு இன்றைக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். முதியோர் தொகை என்ற பெயரே தவறான எண்ணத்தைத் தருகிறது. அந்தப் பணத்தில் முதியவர் தனக்கென்று செலவிடுவது மிகவும் குறைவு. வேலை இல்லாத மகன், மருமகள், பேரன், மின்சாரம் என்று வீடு முழுவதற்கும் வருகிற ஒரே சம்பளம் பல வீடுகளில் அதுதான். ஒருநாள் தாமதம் என்றால் அடுப்பும் ஒருநாள் தாமதம்.

12 ஜூலை 2018, வியாழக்கிழமை

அஞ்சலக ஊழியர்களின் வேலைநிறுத்தம் தொடர்கிறது. அவர்கள் கேட்பது சம்பள உயர்வு. அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பெரியம்மாவின் பணம் வந்துவிட்டது. கடைக் கல்லாவில் எடுத்துக் கொடுத்தேன்.

4 ஆகஸ்ட் 2018, சனிக்கிழமை

ஆடி மாதக் கூழ் ஊற்றும் காலம். பென்ஷன் வந்த வாரத்தில்தான் கூழ் வைப்பது இத்தெருவின் வழக்கம். சோளமாவும் புளித்த பாலும் வாங்கப் பணம் வேண்டுமல்லவா? இன்று நான்கு வீடுகளில் கூழ். ஒரு வீட்டில், பூசை முடிந்தபின், அந்த வீட்டு அண்ணன் தன்னுடைய கணக்கு விவரத் தாளைக் கொண்டுவந்து நீட்டினார்.

பழைய அட்டையின் காலத்தில் அவர் கணக்கிலிருந்து மாதந்தோறும் ஏர்டைமுக்கென்று, அதாவது கைபேசிப் பேச்சுநேரத்துக்கென்று, ஒரு தொகை கழிந்துகொண்டிருந்தது. அவரிடம் கைபேசியே கிடையாது. எந்த நிறுவனம் எடுத்தது, யார் கையெழுத்திட்டார்கள் என்று கேட்டு அவர் அலைந்த அலைச்சலை நான் அறிவேன். தொலைபேசியில் எண்ணை அழுத்தச் சொல்லும் குரலைத் தவிர யாரும் கிடைக்கவில்லை. இப்போது கையில் இருக்கும் தாளில் அந்த வரி இல்லை. முழுத் தொகையும் வந்திருக்கிறது. ஈமச்சடங்குக் காப்பீட்டுக்கு மட்டும், அவரே எழுதிக் கொடுத்த சம்மதத்தின் பேரில், ஒரு பிடித்தம் இருக்கிறது. அப்படி ஒன்றை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது. அதுவும் தொகையில் பத்து விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பிள்ளைகளின் தொகையில் அதைத் தொடவே கூடாது.

இந்த மாற்றத்தில் நல்லது என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். உதவித்தொகை பெறுவோரின் விவரங்களைப் பணம் கொடுப்பதற்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று 2017 தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. பணத்தைக் கொடுப்பவரும், அந்தப் பணத்தைக் காட்டிக் கடனும் ஏர்டைமும் விற்பவரும் ஒரே நிறுவனக் குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கும்வரை, எந்தக் காவலும் பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான். அஞ்சலகத்தில் வரிசை நீளம், கவுன்டர் குறைவு, கணினி அடிக்கடி படுத்துக்கொள்கிறது. அத்தனையும் உண்மை. ஆனாலும் அண்ணனுடைய அந்தத் தாளைப் பார்த்தபின், வரிசையில் கூடுதலாக ஒரு மணி நேரம் நிற்பது நட்டமான பேரம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்பதும் தெரியும்.

20 செப்டம்பர் 2018, வியாழக்கிழமை

புரட்டாசி பிறந்துவிட்டதால் தெருவில் பாதி வீடுகளில் மீனும் கறியும் நின்றுவிட்டன. எங்கள் சமூக மண்டபத்தில் இனிப் பணம் கொடுக்கமாட்டார்கள் என்ற அறிவிப்பும் ஒட்டப்பட்டுவிட்டது. ஐந்து கிலோமீட்டருக்குள் அஞ்சலகமோ, பணம் எடுக்க வேறு வசதியோ இருந்தால் மண்டபம் தேவையில்லை என்பது அளவுகோல். வரைபடத்தில் கோடு போட்டுப் பார்ப்பவருக்கு சாட்ஸ்வர்த் நெருக்கமான ஊர்தான். அதன் மேடும் பள்ளமும் வரைபடத்தில் தெரியாது. கைத்தடியோடு ஏறி இறங்க முடியாதவர்கள் டாக்சிக்குக் கொடுக்கும் பணம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

மண்டப வாசலில் உட்கார்ந்து பெரியம்மா பழங்கதை சொன்னார். அவர் பிறந்தது டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்களின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த இனப் பகுதிச் சட்டத்தால் அங்கிருந்தவர்களை 1960களில் இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். முதியோர் பென்ஷன் சட்டம் 1928இல் வந்தபோது வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டுமே அது உரியதாக இருந்தது; இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் 1944இல்தான் கிடைத்தது. கிடைத்தபோதும் நிறத்துக்கு ஒரு தொகை: வெள்ளையருக்கு மிகுதி, ஆப்பிரிக்கருக்கு மிகக் குறைவு, நாங்கள் இடையில். 1984க்குப் பிறகு வெள்ளையர், கலப்பினத்தவர், இந்தியர் என்று மூன்று தனி அவைகள் கொண்ட நாடாளுமன்ற ஏற்பாட்டில், எங்கள் நலத்துறையே தனியாக இந்தியர் அவையின் கீழ் இருந்தது. எல்லோருக்கும் ஒரே தொகை என்று ஆனது 1993இல்தான். ஆண்களுக்கு 65, பெண்களுக்கு 60 என்றிருந்த வயது வேறுபாடு நீங்கியது 2010இல்.

பெரியம்மாவின் மாமியார் வாங்கிய தொகையும், அடுத்த மலையில் இருந்த ஜூலுப் பெண் வாங்கிய தொகையும் ஒன்றாக இருந்ததில்லை. அவர்கள் ஒரே வரிசையில் நின்றதும் இல்லை. இப்போது பெரியம்மா நிற்கும் வரிசையில் முன்னும் பின்னும் கோகோக்கள், அதாவது ஜூலுப் பாட்டிகள். ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். மாத்திரை வேளை வந்தால் தண்ணீர்ப் புட்டி கை மாறுகிறது. மொழி பாதி புரியாமலே மருமகள்களைப் பற்றிய பேச்சு மட்டும் முழுமையாக நடக்கிறது.

3 அக்டோபர் 2018, புதன்கிழமை

இம்மாதம் முதல் முதியோர் தொகை 1,700, பிள்ளைகள் தொகை 410. மண்டபம் பூட்டியிருந்தது. வழக்கமாக அதன் வாசலில் காய்கறி விற்கும் பெண்கள், கேட்காமலே இடத்தை மாற்றிக்கொண்டு, அஞ்சலகத்துக்கு எதிரில் கீரையும் பச்சைமிளகாயும் பரப்பி உட்கார்ந்துவிட்டார்கள்.

பணம் வந்தது. கோளாறு எதுவும் இல்லை. கவுன்டரில் நோட்டுகளை எண்ணிக் கொடுத்த இளைஞனிடம் பெரியம்மா மறுபடியும் எண்ணச் சொன்னார், அவனும் எண்ணினான். கடைக் கல்லாவில் வரிசை குறைவு என்று நான் பலமுறை சொல்லியும் அவர் அங்கே போக மறுக்கிறார். கல்லாவில் இருக்கும் பெண்ணிடம், போன மாதம் ஏன் தாமதம் என்று கேட்டால் அவளுக்கு என்ன தெரியும் என்பது அவருடைய வாதம். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

மேல்தெருவில் படுக்கையாகக் கிடக்கும் தாத்தாவுக்கு இன்னும் வழி செய்யவில்லை. அவருக்காக வேறொருவர் பணம் பெறுவதற்கு முகவரை நியமிக்க இடம் இருக்கிறது. முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுவதால் கூடுதல் உதவித்தொகைக்கும் அவர் விண்ணப்பிக்கலாம். அதுவும் பிள்ளைகள் தொகை அளவே. தொடர்ந்து மூன்று மாதங்கள் பணத்தைப் பெறாமல் விட்டால் தொகையே நின்றுபோகக்கூடும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. மருத்துவரின் சான்றிதழையும் மகளுடைய அடையாள அட்டையின் நகலையும் திங்கட்கிழமைக்குள் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.