ஒரு கிளிக், மூன்று கால்பேக்

‘கூடையில் சேர்’ பொத்தானை அழுத்தினால் பொருளின் படம் பறந்து போய்க் கூடையில் விழ வேண்டும், எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும். சமீபத்தில் என் கைக்கு வந்த ஒரு கடைப் பக்கத்தில் அந்த எண் 1, 3, 6 என்று தாவியது. ஒரு ஃப்ளாக் (ஏற்கெனவே ஓடிவிட்டதா என்று குறித்துவைக்கும் மாறி) வைத்து அடைத்துவிடலாம் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. எண்ணைக் கூட்டுவது ஒரு கால்பேக், அதாவது ஒரு வேலை முடிந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷன். அதை யாரோ கூப்பிடுகிறார்கள். அது யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

1, 3, 6 என்றால் முதல் கிளிக்கில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று. அதாவது எங்கோ குவிகிறது. பக்கம் ஜிசாப்பில் (GSAP என்ற ஜாவாஸ்கிரிப்ட் அனிமேஷன் லைப்ரரி) எழுதியது. அதில் ஓர் அசைவுக்குப் பெயர் ட்வீன், ட்வீன்களைக் கோத்து ஓட்டுவது டைம்லைன், ஓட்டம் முடிந்ததும் கூப்பிடப்படும் கால்பேக் ஆன்கம்ப்ளீட். கிளிக் ஃபங்ஷனுக்குள் கெட்சில்ட்ரன் நீளத்தை, அதாவது டைம்லைனுக்குள் எத்தனை ட்வீன் இருக்கிறது என்பதை, கன்சோலில் அச்சிட்டேன்: 1, 2, 3. வெளியே இருந்த ஒரே டைம்லைனில் ஒவ்வொரு கிளிக்கும் புதிதாக ஒரு ட்வீனைச் சேர்த்து, டைம்லைனை ரீஸ்டார்ட் (முதலிலிருந்து மறுபடி ஓட்டுதல்) செய்துகொண்டிருந்தது. பழைய ட்வீன்களும் மறுபடி ஓடி, தங்கள் ஆன்கம்ப்ளீட்டைக் கூப்பிட்டன. டைம்லைனை ஒரே தடவை கட்டி, பாஸ் (pause) செய்து வைத்து, கிளிக்கில் ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்ததும் எண் ஒழுங்காகக் கூடியது.

கிளிக்குக்குக் கிளிக் கூடாமல் எப்போதும் மூன்று தடவையே ஓடினால் கதை வேறு. டைம்லைனுக்கு ரிப்பீட் 2 (கூடுதலாக இரண்டு முறை) என்றால் அது மொத்தம் மூன்று முறை ஓடும். உள்ளே இருக்கும் ட்வீனின் ஆன்கம்ப்ளீட் மூன்று முறையும் வரும். டைம்லைனுடைய ஆன்கம்ப்ளீட் கடைசியில் ஒரு முறைதான். ரிப்பீட் -1 என்றால் டைம்லைன் முடிவே இல்லாமல் ஓடும், அதனால் அது வரவே வராது. யோயோ (ஒரு முறை முன்னோக்கி, அடுத்த முறை பின்னோக்கி ஓடுவது) போட்டிருந்தால், டைம்லைனின் நடுவில் call() மூலம் வைத்த ஃபங்ஷன் திரும்பி வரும் வழியிலும் ஓடும். இவை எல்லாம் ஜிசாப் சரியாக வேலை செய்வதன் அடையாளம்தான்.

பக்கம் ரியாக்ட்டில் (React என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) இருந்து, டெவலப்மென்டில் மட்டும் இரட்டிப்பாக வந்தால், பிழைகளைக் கண்டுபிடிக்க உதவும் அதன் ஸ்ட்ரிக்ட் மோடைப் பாருங்கள். ரியாக்ட் 18 முதல் அது எஃபெக்ட்டை (காம்போனென்ட் திரைக்கு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) இரண்டு தடவை ஓட்டுகிறது. ரியாக்ட்டுக்கென ஜிசாப் தரும் யூஸ்ஜிசாப் (useGSAP) ஹூக்குக்குள் டைம்லைனை வைத்தால் முதலில் உருவானதை அதுவே ரிவர்ட் செய்து நீக்கிவிடும்.

அப்புறம் இன்னொன்று. வேகமாக இரண்டு முறை அழுத்தினால், முதல் ஓட்டம் பாதியிலேயே ரீஸ்டார்ட் ஆகிவிடும். அதற்கான ஆன்கம்ப்ளீட் வராது. இரண்டு பொருள் சேர்ந்தும் கூடை ஒன்று என்றே காட்டும். அதனால் எண்ணிக்கையை அனிமேஷனிலிருந்தே எடுத்து, கிளிக்கில் வைத்துவிட்டேன். ஆன்கம்ப்ளீட்டில் இப்போது கூடை லேசாகக் குலுங்குவது மட்டும்தான்.